20-ஆம் வார ஸ்கேனில் உதட்டுப் பிளவு: "கலைத்துவிடு" என்கிறார்கள், என்ன செய்வது டாக்டர்?

தென்மாவட்டத்துச் சிறு ஊர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு 26 வயது. சொந்த அத்தை மகனைத்தான் கல்யாணம் செய்திருக்கிறார். இது முதல் கர்ப்பம். மூன்றாம் மாதம் எடுத்த என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நார்மல். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, 20 வாரம் 1 நாளில், குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். குழந்தையின் மேலுதட்டில் இடப்பக்கம் பிளவு இருக்கிறது, அண்ணம் (வாயின் மேல்கூரை) தெளிவாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஸ்கேன் சென்டரில் "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றதோடு சரி. டாக்டரோ பண்டிகை விடுமுறையில். நான்கு நாள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, போனில் படம் படமாகப் பார்த்துப் பயந்திருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று இரவு பசிக்கிறது என்று கொய்யாப்பழம் நறுக்கியதால் வந்த வினை இது என்பது மாமியாரின் கட்சி. "24 வாரம் வரைக்கும் டைம் இருக்கு, மாத்திரை போட்டா முடிஞ்சுது, அடுத்தது நல்லதா பொறக்கும்" என்கிறார் கணவரின் சித்தப்பா. கணவர் வாயே திறக்கவில்லை. 'அசைவு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அது அசையும்போதெல்லாம் அழுகை வருகிறது' என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நாள் கணக்கு முக்கியமான விஷயம் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே சாரத்தை அவருக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இது விரிவான பதில்.

அம்மா, நீங்கள் ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருந்த கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "உள்ளே அதுக்கு வலிக்குமா?" வலிக்காது. பிளவு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காயம்தான் ஞாபகம் வருகிறது. உங்கள் குழந்தையின் உதடு கிழியவில்லை. ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு மெல்லிய மேடும் நடுவில் ஒரு பள்ளமும் தட்டுப்படும். நம் எல்லோருக்கும் முகம் பக்கவாட்டிலிருந்து வளர்ந்து வந்து நடுப்பகுதியோடு சேர்ந்த இடம் அந்த மேடுகள்தான். உங்கள் குழந்தைக்கு இடப்பக்கம் அந்தச் சேர்க்கை நடக்கவில்லை. தொப்புள்கொடி வழியே சாப்பாடு வருவதால், வயிற்றுக்குள் அதன் வளர்ச்சிக்கு இந்தப் பிளவு தடையில்லை.

இது அபூர்வமும் இல்லை. உலக அளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது. உதட்டுப் பிளவு இடப்பக்கம் வருவதுதான் அதிகம்.

ஸ்கேன் பார்த்ததும் பார்க்காததும்

ஸ்கேன் படத்தில் உதடு வெள்ளைக் கோடாகத் தெரியும். பிளவு இருந்தால் அந்தக் கோடு ஓரிடத்தில் அறுந்து, மூக்குத் துவாரத்தை நோக்கி ஒரு கறுப்பு இடைவெளி ஓடும். 18 முதல் 22 வாரத்துக்குள், குழந்தை முகத்தை நம் பக்கம் காட்டினால், இதைப் பார்ப்பது பெரிய கஷ்டமில்லை. பல நேரம் காட்டாது. கையை வாய்மேல் வைத்துக்கொள்ளும், முதுகைத் திருப்பிக்கொள்ளும்; தாயை நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்போம். 12-ஆவது வாரத்தில் முகம் ரொம்பவே சின்னது. உங்கள் என்.டி. ஸ்கேனில் இது தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். அந்த ரிப்போர்ட் பொய்யில்லை. 'நார்மல்' என்பதற்கு 'அன்று பார்க்க முடிந்தவரை நார்மல்' என்று அர்த்தம். என்ன செய்வது, ரிப்போர்ட்டில் அப்படி விரித்து எழுத மாட்டோம்.

அண்ணம் வேறு கதை. வாய்க்கு மேல்கூரையாக, நாக்குக்கு மேலே, தாடை எலும்பின் நிழலுக்குப் பின்னால் இருக்கிறது. சாதாரண ஸ்கேனில் அதை உறுதியாகச் சொல்வது கடினம். அதனால் 'தெளிவாகத் தெரியவில்லை' என்று எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். உதடு பிளந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அண்ணமும் பிளந்தே இருக்கும். சிலருக்கு உதட்டோடு நின்றுவிடும். உங்கள் குழந்தை இந்த இரண்டில் எந்த வகை என்பது இந்த ரிப்போர்ட்டில் இல்லை. அடுத்த ஸ்கேனில் மேல் ஈறு முழு வளைவாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஈறிலும் இடைவெளி இருந்தால் அண்ணத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு 3டி ஸ்கேன் உதவும்.

3டி படத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டாம். திரையை டாக்டர் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னால் திருப்பி வைப்பார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 20 வாரத்தில் தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்திருக்காது. ஒரு குறையும் இல்லாத குழந்தைகூட 3டி படத்தில் பல் போன தாத்தா மாதிரிதான் இருக்கும்.

உதட்டைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பிளவு மட்டும் தனியாக இருக்கிறதா, கூடவே வேறு ஏதாவது இருக்கிறதா? மூளை, இதயம், முதுகெலும்பு, கை கால், தாடையின் அளவு என எல்லாவற்றையும் கருநல மருத்துவர் ஒருவர் நிதானமாக மறுபடி பார்க்க வேண்டும். இதயத்துக்குத் தனியாக எக்கோ எடுப்பார்கள். உதட்டின் நட்டநடுவில் பிளவு இருந்தால் மூளைக் குறைபாடோ குரோமோசோம் கோளாறோ இருக்குமோ என்று நாங்கள் கவலைப்படுவோம். உங்கள் குழந்தைக்குப் பக்கவாட்டில், ஒரே பக்கம். ரிப்போர்ட்டில் வேறு எந்தக் குறையும் எழுதப்படவில்லை. இப்படித் தனித்து வரும் உதட்டுப் பிளவில் குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பு குறைவு. "மூளை வளர்ச்சி பாதிக்குமா" என்றும் கேட்டிருந்தீர்கள். பிளவால் அறிவு மங்காது. பள்ளியில் முதல் மார்க் வாங்குவதற்கும் உதட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆம்னியோ என்று சொல்லும் பனிக்குட நீர்ப் பரிசோதனை வேண்டுமா என்பதை அந்த ஸ்கேனுக்குப் பிறகு பேசுங்கள். மெல்லிய ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துக் குரோமோசோம்களைப் பார்ப்பார்கள். அதனால் கரு கலையும் அபாயம் 200-ல் ஒன்றுக்கும் குறைவு. உறுதியாகத் தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்றால் செய்துகொள்ளலாம். வேறு குறை எதுவும் தெரியாதபோது வேண்டாம் என்று சொல்வதும் நியாயமான முடிவுதான். வேறு குறை தெரிந்தால் மட்டும் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.

கிரகணமும் கொய்யாப்பழமும்

உங்கள் தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் 7 அன்று உங்களுக்கு 14 வாரம் 3 நாள். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால், ஏறக்குறைய 9 வாரத்துக்குள் மேலுதடு ஒட்டி முடிந்துவிடும். அண்ணமும் 12 முதல் 14 வாரத்துக்குள் மூடிவிடும். நீங்கள் கத்தியை எடுத்தபோது இந்த உதட்டின் கதை முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பழியைக் கொய்யாப்பழத்தின் மேல் போட வழியே இல்லை. உங்கள் மாமியாரிடம் (அவர் உங்கள் சொந்த அத்தையும்கூட) இந்த வாரக் கணக்கைச் சொல்லுங்கள். 'கிரகணமாவது ஒன்றாவது' என்று சண்டைக்குப் போவதைவிட, 'அதுக்கு முன்னாடியே ஆகிடுச்சாம் அத்தை' என்றால் அவரும் இறங்கி வருவார்.

இரும்புச் சத்து மாத்திரையை இரண்டு வாரம் விட்டுவிட்டீர்களாம். அதுவும் காரணமில்லை. சில வலிப்பு மாத்திரைகள், புகை, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை பிளவின் வாய்ப்பைக் கூட்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஒருவேளை வலிப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 'இதனால்தான்' என்று ஒரு காரணத்தைக் காட்டவே முடியாது. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து நடப்பது இது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வாய்ப்பு சற்றுக் கூடியிருக்கலாம். ஆனால் அதுதான் காரணம் என்று யாரும் தீர்ப்பு எழுத முடியாது. சொந்தத்தில் செய்யாதவர்களுக்கும் இப்படிப் பிறக்கிறது.

உங்கள் அப்பா சொன்ன ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: கணவரின் தாத்தாவோடு பிறந்த ஒருவருக்கு மேலுதட்டில் தழும்பு இருந்ததாம், வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்களாம். அதைப் பேச வேண்டும். இரண்டு பேர் வீட்டுப் பெரியவர்களையும் பாருங்கள். யாருக்காவது கீழுதட்டில் ஊசியால் குத்தியதுபோல் சின்னக் குழி ஒன்றோ இரண்டோ இருக்கிறதா? இருந்தால் அது வேண்டர் வூட் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு வர 50 சதவீத வாய்ப்பு. அப்படி எதுவும் இல்லையென்றால் அடுத்த குழந்தைக்குப் பிளவு வரும் வாய்ப்பு 100-க்கு 3 முதல் 5. அதாவது 100-ல் குறைந்தது 95 குழந்தைகளுக்கு வராது.

கலைப்பது பற்றி

சித்தப்பா சொன்னதில் மூன்று தவறு இருக்கிறது.

24 வாரம் வரை யார் வேண்டுமானாலும் கலைக்கலாம் என்பது முதல் தவறு. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. அதன்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரத்துக்குள் என்றால் இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும். விதிகளில் சொல்லியிருக்கும் சில வகைப் பெண்களுக்கு மட்டுமே அனுமதி. அதில் ஒரு வகை, பிறந்தால் உயிர் வாழ முடியாத, அல்லது கடுமையான ஊனத்தோடு இருக்க நேரும் அளவுக்குக் குறைபாடு உள்ள கரு. 24 வாரத்துக்கு மேல் மருத்துவ வாரியம்தான் முடிவு செய்யும். நீங்கள் ஏற்கெனவே 20 வாரத்தைத் தாண்டிவிட்டீர்கள். தனித்த உதட்டுப் பிளவை இந்த வரையறைக்குள் கொண்டுவர டாக்டர்கள் தயங்கலாம். என்னிடம் வந்தால் நானும் தயங்குவேன். மறு ஸ்கேனில் மூளையிலோ இதயத்திலோ பெரிய குறை தெரிந்தால் பேச்சே வேறு. அப்படியானால் நாள் கடத்தாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு நவம்பர் 13 அன்று 24 வாரம் முடிகிறது. மறு ஸ்கேனை அவசரப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது தவறு, 'மாத்திரை போட்டா முடிஞ்சுது' என்பது. 21 வாரத்தில் அது ஏறக்குறைய ஒரு பிரசவம். வலி வரவைத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ரத்தப்போக்கைக் கவனித்துச் செய்வது. மெடிக்கல் ஷாப்பில் யாராவது மாத்திரை வாங்கி வந்து கொடுத்தால் தொடாதீர்கள். அப்படிச் சாப்பிட்டுவிட்டு ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் வந்தவர்களுக்கு நான் ரத்தம் ஏற்றியிருக்கிறேன்.

மூன்றாவது தவறு, இதைக் குடும்பம் கூடி முடிவு செய்யலாம் என்ற நினைப்பு. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே சட்டப்படி தேவை. கணவர் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ கேட்க வேண்டியதில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க வைப்பது, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ஆவது பிரிவின்படி பெரிய குற்றம். உங்கள் விவரங்களை வெளியே சொல்லவும் டாக்டருக்கு அனுமதியில்லை.

நான் இந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறேனா? முடிவு உங்களுடையது. அது எதுவானாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேரைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள் என்பேன். ஒருவர் மறு ஸ்கேன் செய்யும் கருநல மருத்துவர். இன்னொருவர் நாளைக்கு இந்த உதட்டைத் தைக்கப் போகும் சர்ஜன். பிரசவத்துக்கு முன்பே அவரைப் பார்க்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அவர் மேஜையில் ஒரு ஆல்பம் இருக்கும், இல்லையென்றால் போனில் இருக்கும்: அதே குழந்தை ஆபரேஷனுக்கு முன், ஒரு மாதம் கழித்து, அப்புறம் ஐந்து வயதில் ஸ்கூல் யூனிஃபார்மில். நீங்கள் போனில் தேடிப் பார்த்தவற்றில் முதல் படம் மட்டும்தான் வந்திருக்கும்.

பிறந்த பிறகு

பிளவு மட்டும் இருந்தால் சிசேரியன் தேவையில்லை. குழந்தை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டை அவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். பிறந்ததும் விளக்கடித்து அண்ணத்தைப் பார்த்து, விரலை வைத்துத் தடவியும் பார்ப்பார். அன்றைக்குத்தான் முழு விஷயமும் தெரியும்.

உதடு மட்டும் என்றால் பெரும்பாலும் தாய்ப்பாலை நேராகவே குடிக்கும். பிளவை மார்பகமே அடைத்துக்கொள்ளும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணமும் பிளந்திருந்தால் உறிஞ்ச முடியாது. உறிஞ்ச வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். மேலே திறந்திருக்கும்போது எப்படி அடைபடும்? இந்தக் குழந்தைகளுக்குப் பசி இருக்கும், ஆசையாகச் சப்பும், பால் மட்டும் வராது. களைத்துத் தூங்கிவிடும். 'சமர்த்தாகத் தூங்குகிறது' என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள், எடை இறங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நம் வீட்டிலேயே சாதனம் இருக்கிறது: பாலாடை. சங்கு என்பீர்களோ என்னவோ, ஊருக்கு ஒரு பேர். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொள்ளுங்கள். படுக்க வைக்காமல், தலை நன்றாக உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். பாலாடையின் மூக்கை உதட்டோரம், பிளவில்லாத பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகு அடுத்தது. காற்று நிறைய உள்ளே போகும், அதனால் நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வரும், பயப்படாமல் துடைத்துவிடுங்கள். ஒரு தடவை ஊட்ட அரை மணிக்கு மேல் ஆனால் குழந்தை களைத்துப்போகும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முதல் மூன்று மாதம் உங்கள் வேலை இந்த எடைதான், ஏனென்றால் ஆபரேஷன் தேதியை நிச்சயிப்பது அது.

உதட்டைத் தைப்பது பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள். 10 வாரம், 10 பவுண்டு அதாவது சுமார் நாலரைக் கிலோ, ஹீமோகுளோபின் 10 என்று ஒரு பழைய கணக்கு இன்றைக்கும் எங்கள் வாயில் இருக்கிறது. அண்ணம் பிளந்திருந்தால் அதற்கான ஆபரேஷன் 9 முதல் 18 மாதத்துக்குள். பேச்சு வருவதற்கு முன் மூடிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். அப்போதும் சில குழந்தைகளுக்கு மூக்கால் பேசும் பழக்கம் இருக்கும், பேச்சுப் பயிற்சி தேவைப்படும். நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாவது அண்ணப் பிளவில் அடிக்கடி நடப்பது. அதனால் கேட்கும் திறனைச் சோதிக்காமல் விடக் கூடாது. ஈறிலும் பிளவு இருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். பல் வரிசைக்குக் கம்பி, சிலருக்கு 18 வயதுக்கு மேல் தாடைச் சீரமைப்பு என்று நீளும். 'ஒரே ஆபரேஷன், எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் அரைகுறையாகச் சொல்கிறார்கள். உதட்டோடு நின்றிருந்தால் இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் உங்களுக்கு இல்லை.

மெல்லிய தழும்பு இருக்கும். தைத்த பிறகு சில அம்மாக்கள் என்னிடம் வந்து, சற்றுக் கூச்சத்தோடு, "அந்தப் பழைய சிரிப்பைக் காணோமே டாக்டர்" என்பார்கள். வாய் நிறைய அகலமாக ஒரு சிரிப்பு சிரிக்கும் இந்தக் குழந்தைகள். மூன்று மாதம் அதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புது முகம் ஒரு வாரத்துக்கு அந்நியமாகத்தான் இருக்கும்.

செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிளவு ஆபரேஷனுக்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. எனும் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவு சேர்க்கப்பட்டிருக்கிறது. மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பதிவு செய்யலாம், 'டி.இ.ஐ.சி.' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்த ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகச் செய்கிறார்கள். சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: சர்ஜனோடு பேச்சுப் பயிற்சியாளரும் பல் டாக்டரும் அங்கேயே இருக்கிறார்களா? பெரிய உதவி அது.

உங்கள் கணவர் வாய் திறக்கவில்லை என்பதை அவர் சித்தப்பா பக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் யாரும் எதையும் விளக்கவில்லை, காகிதத்தில் உள்ள ஆங்கிலமும் அவருக்குப் புரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறு ஸ்கேனுக்கு அவரை வெளியே உட்கார வைக்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கக் கூடாது, 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்காது. மற்ற எதை வேண்டுமானாலும் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டும் படங்களும், கடைசி மாதவிடாய் தேதி, கர்ப்பமான பிறகு சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், கணவரின் தாத்தா வீட்டு விவரம். முடிந்தால் அந்தத் தழும்புக்காரத் தாத்தாவின் பழைய கல்யாண போட்டோ ஏதாவது இருந்தால் அதுவும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அம்மா. இந்த ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை.